சேருக்குப் போட்ட கதிரை

மஹ்ரூப் சேரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: மனிதர் சும்மா இருந்தவர் அல்ல. கிண்ணியாவில் பிறந்தவர். திருகோணமலையில் பதினொரு வருடமாகத் தகவல் முறைமைகள் படிப்பிக்கும் விரிவுரையாளர். பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலையில்லாமல் நிற்பதைப் பார்த்து வயிறெரிந்து, துறைமுகப் பக்கத்துக் கம்பனிகளில் ஏறி இறங்கி, "எங்கட பிள்ளைகளிட்ட என்ன குறை?" என்று கேட்டு எழுதி வந்தார். எழுதியதைப் புதிய பாடத்திட்டமாக்கிக் கொடுத்தார். அது ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போனது. அந்தக் குழு ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. நான்கு வருடமாக இந்தக் கூத்து. அதுவரை பழையதைத்தான் படிப்பிக்க வேண்டும்.

கடைசியில் சீனக்குடாப் பக்கம் ஒரு சரக்குக் கம்பனி இறங்கி வந்தது. பயிலுநர் இடம் ஒன்றே ஒன்று. உங்கள் பிள்ளை ஒருத்தரையும் அனுப்புங்கள், சரிவந்தால் வருடா வருடம் எடுப்போம் என்றார் முகாமையாளர் நிருபன். சேர் தன்னிடம் படித்த றுஷ்தாவை அனுப்பினார். கெட்டிக்காரி. ஆனாலும் அனுபவம் இல்லை என்று ஏழு இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவள்.

நேர்முகத்துக்கு நிருபன் சேரையும் அழைத்தார். "பக்கத்தில இருந்து பாருங்கோ சேர். கதைக்க மட்டும் ஏலாது" என்று சிரித்துக்கொண்டே கதிரை போட்டுக் கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று சேரும் பெருமையோடு உட்கார்ந்தார். உட்காராமலே இருந்திருக்கலாம்.

நிருபன் கேட்டது ஒரே கேள்வி. "வெறும் லொறியத் தராசில நிறுத்துக் கொம்பியூட்டரில பதிஞ்சாச்சு. சாமான் ஏத்தித் திரும்ப நிறுக்கேக்க, வரவேண்டிய நிறையில அறுபது கிலோ குறையுது. பின்னால பதினாறு லொறி நிக்குது. என்ன செய்வீங்கள்?"

றுஷ்தா எதையோ சொல்ல வாயெடுத்தாள். சேரை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பலகையில் ஒரு வட்டம் கீறினாள். அம்புக்குறி, பெட்டி, இன்னொரு வட்டம். தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம். சேர் மூன்று கிழமை தொண்டை கிழியப் படிப்பித்த அதே படம், ஒரு கோடு பிசகவில்லை. போதும் மகள், லொறியைப் பற்றிச் சொல்லுங்க என்று சேருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நிருபன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வடிவாக் கீறுறீங்கள் தங்கச்சி. அறிவிக்கிறம்." அதன் அர்த்தம் மூவருக்கும் விளங்கியது.

வெளியே வந்ததும் சேர் கேட்டார். "முதல்ல என்னவோ சொல்ல வந்தீங்களே மகள்?"

"அதுவா சேர்? வெறும் லொறிய நிறுக்கக்குள்ள கிளீனர் உள்ள இருந்திருப்பான். ஏத்தின பிறகு தேத்தண்ணி குடிக்க இறங்கிப் போயிருப்பான். ஆளைக் கூப்பிட்டு ஏத்தித் திரும்ப நிறுத்தாச் சரி. வாப்பா இருபது வருஷமா லொறி ஓடுறாரு. இது எங்கட வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க பக்கத்துல இருக்கக்குள்ள எப்பிடிச் சேர்? படிப்பிச்சத விட்டுப்போட்டு கிளீனர்ர கதையச் சொன்னா, உங்களுக்குத்தானே மரியாதைக் குறைவு."

சேர் அவளை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். நிருபன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "விடை அதுதான் சேர். ஆனா வெளியில போய் வந்து சொன்னா நான் எப்பிடி எடுக்கிறது? மற்றப் பிள்ளையளுக்கு அநியாயமெல்லோ." அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. சேர் திரும்பி வந்தார்.

றுஷ்தா அவர் முகத்தைப் பார்த்து விஷயத்தை விளங்கிக்கொண்டாள். "நான் கீறினது பிழையா சேர்?"

பிழை என்று அவர் எந்த வாயால் சொல்வது? அவள் எழுதிய கடைசிச் சோதனையில் அதே படத்துக்கு இருபதுக்கு இருபது போட்டவர் அவர்தான். நாளைக் காலை எட்டு மணிக்கு இன்னும் ஐம்பது பேருக்கு அதைக் கீறிக் காட்டப் போகிறவரும் அவர்தான்.