அப்பர் ஹவுஸில் மூன்று நிமிடம்

பேசுவதற்கென்றே ஆளைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பிவிட்டு, பேச மூன்றே நிமிடம் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. மாநிலங்களவை உறுப்பினர் என்று அதற்குப் பெயர். ஆறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். வீட்டில் முக்கியமான விஷயத்தை ஆரம்பிக்கும்போது யாராவது டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன், பிறகு தொழிற்சங்கம். கட்சி என்னை அனுப்பியபோது மனதில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. என் சிநேகிதி மெஹருன் மாதிரி, வீட்டில் உட்கார்ந்து கம்பெனிகளுக்குக் கையால் ஷூ தைத்துக்கொடுக்கும் பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளி கிடையாது. கம்பெனிக்குள் தைத்த எனக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு, கண் மங்கிக்கொண்டு வந்த மெஹருனுக்கு இல்லை. அவர்களும் தொழிலாளிகள்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை அந்தச் சபையில் சொல்லிவிட வேண்டும்.

எந்த செக்‌ஷன்?

ஷூவின் மேல்பாகத்துக்கு எங்கள் ஊரில் அப்பர் என்று பெயர். அதைத் தைத்துத்தான் நானும் மெஹருனும் பாதி ஆயுளைக் கழித்தோம். பதவி கிடைத்த அன்றைக்கு இனிப்போடு அவள் வீட்டுக்கு ஓடினேன். சந்தோஷத்தில், மாநிலங்களவைக்குப் பத்திரிகைக்காரர்கள் சொன்ன இங்கிலீஷ் வார்த்தையே வாயில் வந்துவிட்டது. “என்னை அப்பர் ஹவுஸுக்கு எடுத்திருக்காங்க மெஹரு!”

அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“டெல்லிக்குப் போயும் அப்பர்தானா லில்லி? அங்க இன்னா, மெஷினா கைத்தையலா?”

நன்றி சொன்ன நாள்

காலை நேரத்தில் அவசரப் பிரச்சினையை எழுப்ப நம் பெயரும் குலுக்கலில் வர வேண்டும். கட்சியும் விட வேண்டும். இரண்டும் சேர்ந்து வர எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. மெஹருனுக்கு முதல் நாளே போன் செய்து, டி.வி.யில் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

எழுந்து நின்றதும் பழக்கம் காலை வாரிவிட்டது. நம் ஊர் மேடையில் பேச்சு எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவைத் தலைவரை வணங்கினேன். வாய்ப்பளித்த கட்சித் தலைவருக்கு நன்றி சொன்னேன். மாவட்டம், நகரம், ஒன்றியம், மகளிர் அணி, என்னை வளர்த்தெடுத்த சங்கம், ஒருவரையும் விடவில்லை. யாரையாவது விட்டால் ஊரில் கால் வைக்க முடியுமா? “ஆம்பூரில் என் சிநேகிதி…” என்று விஷயத்துக்கு வந்தபோது மூன்று நிமிடம் முடிந்து மைக் தானாக அணைந்துவிட்டது. வாய் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்ததாம். அன்று இரவு மெஹருனே போன் செய்தாள். கோபித்திருந்தாலாவது தேவலை.

“எல்லார் பேரும் சொன்னே பா. எங்கிட்ட வரச்சொல்ல மைக்கு போய்ட்ச்சு.”

காலி வீட்டில் சண்டை

அதன்பிறகு ஒத்திகை. சர்க்கார் கொடுத்த வீட்டில் நான் ஒருத்திதான். அத்தனை அறைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்குப் பக்கத்து அறையிலேயே புழங்கினேன். சாயங்காலமானால் போனில் மூன்று நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்துப் பேசுவேன். வாரத்தில் பாதி நாள் நான் வாயைத் திறந்து தமிழ் பேசியது அந்த அலமாரியிடம்தான். அழுகை வந்தால் அழுவேன். அந்த நேரத்தையும் மூன்று நிமிடத்திலிருந்துதான் கழித்துக்கொள்வேன்.

ஒருநாள் கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். ஆம்பூரில் உருது கேட்டு வளர்ந்ததால் அவள் இந்தி எனக்குப் புரிந்தது.

“தினமும் யாரோட சண்டை போடறீங்கம்மா? வீட்டுல யாருமே இல்லியே!”

பக்கத்து இருக்கை

இரண்டாவது வாய்ப்பு நான்காம் வருஷம் வந்தது. இந்த முறை யாருக்கும் நன்றி சொல்லவில்லை. வீட்டில் தைக்கும் பெண்களைத் தொழிலாளிகளாகப் பதிவு செய்யுங்கள், ஆஸ்பத்திரி அட்டை கொடுங்கள் என்று முழுவதையும் சொல்லி முடித்தேன்; சில நொடி மிச்சம்கூட இருந்தது. சபையில் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த வடமாநிலப் பெரியவர் மட்டும் கையைத் தூக்கி, தானும் இந்தக் கோரிக்கையில் இணைவதாகச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி சொல்லத் திரும்பினேன். மொழிபெயர்ப்பு கேட்கும் ஹெட்போன் அவர் மேஜையில் சுற்றியபடியே கிடந்தது. அவர் அன்பாகச் சிரித்தார்.

“உங்க தமிழ் பாட்டு மாதிரி இருந்துச்சு சகோதரி. எதைப் பத்திப் பேசினீங்க?”

பதில் கடிதம்

பதவி முடிகிற மாதம் துறையிலிருந்து கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போனேன். மெஹருன் தைப்பதை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊசிக் காது தெரியவில்லை. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாள்.

கடிதம் இரண்டே வரி. தமிழில் சொன்னேன். “வீட்டிலிருந்து காலணி தைக்கும் தொழிலாளர்கள் பற்றித் தாங்கள் எழுப்பிய கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. தற்போது அத்தகைய திட்டம் எதுவும் இல்லை.” படித்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டேன். அவள் கையை நீட்டிக் கடிதத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, தொழிலாளி என்று அவர்களே போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். ஆமாம், கையெழுத்தோடு என்றேன்.

“இல்லன்றது கெடக்கட்டும். அந்த மொத வரிய மட்டும் இன்னொருக்கா படி.”

ஆறு வருஷம் நாடாளுமன்றத்தில் பேசியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே ஒன்ஸ்மோர் அதுதான், அதுவும் நான் எழுதாத வரிக்கு.