வயோமிங்கில் ஒரு கும்பிடு

யாழ்ப்பாணம் போற வாகனம் ஒண்டும் ரோட்டோரம் இருக்கிற முறிகண்டிப் பிள்ளையாரை இறங்கிக் கும்பிடாமல் தாண்டாது. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இத்தனை வருசம் கார் ஓடியும் என்ர மனுசனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

போன கோடை லீவுக்கு அமெரிக்கா போனோம். வயோமிங்கில் ரோட்டோரம் ஒரு வரலாற்றுக் கல்லைக் கண்டதும் இவர் சடாரெண்டு பிறேக் போட்டார். இறங்கி, எழுத்தை வாசிக்காமலே சப்பாத்தைக் கழற்றிக் கைகூப்பினார். பின்சீட்டில் இருந்த மகள் டேனிஷில் கத்தினாள். எனக்கும் பத்திக்கொண்டு வந்தது.

அந்தநேரம் பின்னால் லொறியில் வந்த ஒரு அமெரிக்கர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தபடி இவருக்குப் பக்கத்தில் நின்றார். மகளும் காரைவிட்டு இறங்கினாள். மெல்லப் போய்க் கல்லை வாசித்தாள். மேற்கே குடியேற மாட்டுவண்டிலில் போன சனம் இறங்கிக் குடித்த சாராயக் கடை இருந்த இடமாம்.

"பாவம், களைச்சு வந்த சனம். குடிக்கட்டும்," எண்டு சொல்லிக்கொண்டே இவர் சப்பாத்தைப் போட்டார்.