காரிலேயே முடிந்துவிடும் போர்டு மீட்டிங்

எங்கள் போர்டில் ஒரு பெண் உள்ளே வந்தால் ஓர் ஆண் வெளியே போயாக வேண்டும், அந்த ஆண் நான்தான் என்று முழுதாக நம்பினேன். கேளம்பாக்கம் ஐ.டி. ஆபீஸ்களுக்கு வேன் ஓட்டும் குடும்பக் கம்பெனி எங்களுடையது. டைரக்டர்கள் நான்கு பேர்: சேர்மன் என் அக்கா வீட்டுக்காரர், அப்புறம் சித்தப்பா, பெரியப்பா மகன், நான். கம்பெனிக்கு நான் கொடுத்ததெல்லாம் ஜோக்குதான்.

பணம் போட்ட சென்னைக்காரர்கள் பிடிவாதமாக வெளியிலிருந்து ஒருவரைச் சேர்த்தார்கள். மிசோரத்தில் பிறந்து, பல வருடமாகக் கேளம்பாக்கத்தில் குடியிருக்கும் பெண்மணி. ஐ.டி. கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுத்தவராம். வீட்டுக்கு அனுப்பவும் தெரிந்திருக்குமே!

மீட்டிங் மாமல்லபுரத்தில், ஓர் ஓட்டலில். செங்கல்பட்டிலிருந்து நாங்கள் நால்வரும் ஒரே காரில் போவோம். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் சேர்மன் மாமா முடிவைச் சொல்லிவிடுவார். ஓட்டலில் போண்டா மட்டும்தான் பாக்கி. அன்றைய முடிவு, நைட் ஷிப்ட் பெண்களை இனி வீட்டு வாசலில் இறக்க வேண்டாம், மெயின் ரோட்டோடு சரி. டீசல் மிச்சம். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாமாவையும் பகைத்துக்கொண்டால் நாற்காலி நிச்சயம் போய்விடுமே! தலையாட்டினேன்.

அந்த அம்மா தனியாக வந்திருந்தார். கார் சமாசாரம் அவருக்குத் தெரியாது. மாமா தீர்மானத்தை வாசித்ததும், “நான் புதுசு. ஒவ்வொருத்தரும் என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்களேன்,” என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

அந்தக் கேள்வியை அந்த மேஜையில் யாரும் கேட்டதே இல்லை. அவசரமாக ஒரு ஜோக் தேடினேன், சிக்கவில்லை. “வாசல்லயே எறக்கணுங்க,” என்று வாய் சொல்லிவிட்டது.

“இன்னா மச்சான், கார்ல தலைய ஆட்டிக்கினு வந்த?” என்றார் மாமா.

“ரோடு குண்டும் குழியுமா கீது மாமா. தானா ஆடிச்சு.”

அந்த அம்மா மட்டும் சிரித்தார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். எந்த மீட்டிங்கிலும் வாய் திறக்காத மனிதர், “எம்மருமவளும் நைட்டு ஷிப்டுதான் போறா. ரோட்டுலேர்ந்து வூடு வரிக்கும் ஒரே இருட்டுப்பா,” என்றார். பெரியப்பா மகனும், “வாசல்தான்,” என்றான்.

இத்தனை வருடம் தொடை உரச ஒரே காரில் வந்தவர்கள். இவர்களுக்குள் இப்படியொரு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது. குரலைக்கூட உயர்த்தாமல் ஒருவர் அதை வெளியே வரவழைத்துவிட்டார்.

மாமா தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வேன்கள் இன்றும் வாசல் வரை போகின்றன. போர்டில் இப்போது ஐந்து பேர் இருக்கிறோம்.