பலகைக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்

இப்போது அங்கே சிமெண்ட் சுவர் எழுப்பிவிட்டார்கள். நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஒரே நீளக் கூடம். நடுவில் பலகையால் ஒரு தடுப்பு. பலகை கூரைவரை போகாது. மேலே ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஒரு பக்கம் ஏ பிரிவு, மறுபக்கம் பி பிரிவு. நன்றாக மதிப்பெண் வாங்குகிறவர்களை ஏ-யிலும் மற்றவர்களை பி-யிலும் போட்டிருந்தார்கள். தக்காளியைத் தரம் பிரிக்கிற மாதிரிப் பிள்ளைகளைப் பிரித்துவிட்டு, பிறகு அடிக்கூடைத் தக்காளி நசுங்கியிருக்கிறது என்று குறை சொல்வது எங்கள் பள்ளியில் பெரிய நிர்வாகத் திறமையாகக் கருதப்பட்டது.

பி பிரிவின் வகுப்பாசிரியையை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் வைத்த பெயர் 'மெதுவா மிஸ்'. வகுப்பில் சத்தம் கூடினால் அவர் குரல் இறங்கும். இன்னும் கூடினால் இன்னும் இறங்கும். கடைசியில் கதையில் என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்துப் பிள்ளைகளே ஒருவர் வாயை ஒருவர் பொத்துவார்கள். ஆள் நல்ல உயரம், அகன்ற தோள். அந்த உடம்பிலிருந்து வரும் குரலோ பக்கத்து வீட்டு ரேடியோவைப் போல.

அவருடைய துணிப்பையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். பையன்கள் சண்டை போட்டுச் சட்டைப் பொத்தான் அறுந்தால், அறுத்தவன்தான் தைக்க வேண்டும். அறுபட்டவன் சட்டையைக் கழற்றாமல் நிற்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே ஊசி வந்து போகும்போது யாருக்கும் கோபம் நிலைக்காது. "டேய், பாத்துக் குத்துடா" என்று ஆரம்பித்து, முடிச்சுப் போடுவதற்குள் இருவரும் சிரித்துவிடுவார்கள். அவர் பிரம்பைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

விடுமுறைக்கு முந்தைய வாரம்தான் எங்கள் எல்லோருக்கும் சோதனை. பரீட்சை முடிந்துவிட்டது, பாடமும் முடிந்துவிட்டது, வாசற்கதவு மட்டும் திறக்கவில்லை. அந்த வாரத்தில் பாதி வாத்தியார்களுக்குத் தொண்டை கட்டும். மீதிப் பேருக்குக் கை வலிக்கும்.

"அவங்க மேல என்ன தப்பு தம்பி?" என்பார் அக்கா. "வீடு மாத்தப் போறோம்னு மூட்டை கட்டி வெச்சாச்சு. வண்டி இன்னும் வரல. நம்ம வீட்ல அன்னைக்கு யாராவது ஒழுங்கா உக்காந்து சாப்பிடுவோமா?"

அதனால் அந்த வாரம் மட்டும் யார் பக்கத்தில் உட்காருவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யலாம். உட்கார முடியாதவன் நின்றுகொண்டு கேட்கலாம். வகுப்பின் நடுவில் எல்லோரும் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வருவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் அவர் கதையின் அடுத்த பகுதியைச் சொல்லுவார்.

அந்த வருடம் தலைமையாசிரியர் ஓர் அறிவிப்புச் செய்தார். கடைசி நாளில் பள்ளிச் செலவில் கடற்கரைக்குச் சுற்றுலா. ஆனால் சத்தம் போடும் வகுப்பு பஸ் ஏறாது. பி பிரிவில் பாதிப் பேர் கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். விடுமுறையென்றால் அவர்களுக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அப்பாவின் பட்டறையில் நிற்பதும்தான். இந்தப் பஸ்ஸை விட்டால் அவர்களுக்கு வேறு பஸ் கிடையாது.

இரண்டாம் நாளே பி பிரிவுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. ஓய்வறையில் ஏ பிரிவின் வகுப்பாசிரியரான கணக்கு சார் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "என்ன டீச்சர், உங்க பசங்க இன்னைக்கும் ஆட்டம் போல? ஹெச்.எம். ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

"நீங்க அங்கயா இருந்தீங்க சார்?"

"டூர் ஏற்பாடு. நான் இல்லாம அவருக்கு ஒரு வேலையும் ஓடாது."

"அப்ப ஏ கிளாஸ்ல யாரு இருந்தா?"

"என் பசங்களுக்கு ஆளு எதுக்கு? கணக்கு குடுத்துட்டு வந்தா தலையைத் தூக்க மாட்டாங்க."

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். பலகைக்கு அந்தப் பக்கம் தலை மட்டுமல்ல, பெஞ்சையே தூக்குகிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சத்தம் ஏ பிரிவிலிருந்து வருகிறது என்று அக்கா தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார். "சமாளிக்காதீங்க டீச்சர்" என்றார் அவர். நானும் போனேன். "அக்காவுக்குத் தம்பி வக்காலத்தா?" என்று சிரித்தார். பிறகு பெருந்தன்மையோடு, "அவங்களைச் சொல்லிக் குத்தமில்லப்பா. அந்த ரூம் ராசியே அப்படி. எந்த டீச்சரைப் போட்டாலும் அடங்காது. இன்னொரு தடவை சத்தம் கேட்டா அந்த கிளாஸ் பஸ் ஏறாது, அவ்வளவுதான்" என்றார்.

படித்த மனிதர், அறிவியலில் பட்டம் வாங்கியவர். ஒரு காரணத்தைத் தேட நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். ராசி என்று சொல்ல உட்கார்ந்த இடமே போதும்.

மறுநாள் கணக்கு சார் மறுபடி தலைமையாசிரியர் அறைக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அக்கா பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார். எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பின் கதவு வழியாக, களவாடப் போகிறவர்களைப் போல நுனிக்காலில் வெளியேறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த படியில் உட்கார வைத்துத் தாளும் பென்சிலும் கொடுத்தார். கடல் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னார். எனக்கு அந்த மணி வகுப்பில்லை. தாழ்வாரத் தூணருகே நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் தொடங்கியது. முதலில் பேச்சு, பிறகு சிரிப்பு, பிறகு பெஞ்சுத் தாளம். தலைமையாசிரியர் பிரம்போடு வந்தார், பின்னாலேயே கணக்கு சார், "நான் சொல்லல?" என்றபடி. அலுவலகத்திலிருந்து வந்தால் பி பிரிவின் வாசல்தான் முதலில் வரும். ஏ பிரிவின் வாசலுக்குக் கூடத்தைச் சுற்றிப் போக வேண்டும். அவர் நேரே நுழைந்தார். வாய் முதலில் நுழைந்தது, கண் பிறகுதான்.

"எவன்டா அது, வாயை..."

காலி பெஞ்சுகள். கரும்பலகையில் நேற்றைய தேதி. தாளமோ நிற்கவில்லை. பலகைக்கு மேலிருந்து ஒரு பையனின் குரல், கணக்கு சாரின் மூக்குப் பேச்சு அப்படியே, "தலையைத் தூக்காதே! எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போ!" என்றது. கூடமே சிரித்தது. கணக்கு சார் துண்டைத் தேடினார்.

அக்கா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"பசங்க எங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"பின்னாடி படியில படம் வரையறாங்க சார்."

"யாரைக் கேட்டு வெளிய கூட்டிட்டுப் போனீங்க?"

"கேட்டிருந்தா இந்த நேரத்துக்கு நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க சார். ராசி இல்ல சார், பலகை. மேல பாருங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ வருடமாக அந்தப் பள்ளியில் இருந்தவர், அந்த இடைவெளியை அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். முகம் சிவந்தது. "சரி. அப்ப ஏ பிரிவு பஸ் ஏறாது."

நானாயிருந்தால் அதோடு விட்டிருப்பேன். சந்தோஷமாகவே விட்டிருப்பேன். அக்கா விடவில்லை.

"வாத்தியார் இல்லாத கிளாஸ் கத்தும் சார். கத்தலைன்னாதான் டாக்டரைக் கூப்பிடணும். அந்தப் பிள்ளைங்களுக்கு எதுக்குத் தண்டனை?"

"யாருக்காவது தண்டனை குடுத்துதானே ஆகணும் டீச்சர்?"

"ஏன் சார்?"

குரலை உயர்த்தவில்லை. வழக்கம்போல இறக்கித்தான் கேட்டார். தலைமையாசிரியர் பிரம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மேடையில் நீதி பற்றிப் பேசியவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த 'ஏன் சார்' அளவுக்கு ஒருவரை நிறுத்தி வைத்த பேச்சை நான் கேட்டதில்லை.

"ரெண்டு கிளாஸுக்கும் சேத்து ஒரே பஸ்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

"நெருக்கி உக்காந்துக்குவாங்க சார்."

நெருக்கித்தான் உட்கார்ந்தார்கள். ஏ-யின் மடியில் பி, பி-யின் மடியில் பை. பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தில் டிரைவர் ஹாரன் அடித்தது டிரைவருக்கே கேட்கவில்லை. முன் இருக்கையில் இருந்த தலைமையாசிரியரிடம் நான் குனிந்து, "இப்ப எந்த செக்‌ஷன் சார் கத்துது?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; ஆனால் தோள் குலுங்கியது.

கடைசி மணல்மேட்டில் ஏறியதும் முன்னால் ஓடியவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் முட்டி நின்றார்கள். படியில் உட்கார்ந்து அவர்கள் வரைந்த கடலுக்கெல்லாம் அக்கரை இருந்தது. இதற்கு இல்லை. ஒருவர் வாயிலிருந்தும் பேச்சு வரவில்லை. எந்தப் பிரம்பும் வாங்கித் தராத அமைதி. தலைமையாசிரியர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். அலையின் இரைச்சலுக்கு மேல், அத்தனை வருடத்தில் நான் கேட்டே இராத பெரிய குரலில் சொன்னார்:

"ஏன்டா நிக்கிறீங்க? கத்துங்கடா."