இல்லாத மலையின் உச்சியில்

கனிமம் தேடும் குழு ஒன்றில் திற்பரப்புப் பக்கம் வேலை செய்தேன். ரப்பர் தோட்டங்களுக்குள் குழி தோண்டி, மண்ணைச் சலித்துப் பையில் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. புவியீர்ப்பை அளப்பது என் மேலதிகாரியின் பொறுப்பு. பூமிக்கடியில் கனத்த பாறை இருந்தால் அங்கே ஈர்ப்பு இம்மியளவு கூடும். கருவி அதைக் காட்டிவிடும்.

ஒரு சரிவில் எடுத்த மண்ணில் நிக்கல் அதிகமாக வந்தது. அவருடைய அளவுகளோ அங்கே ஒன்றுமில்லை என்றன. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொம்பளப் பிள்ளல்லா, பையை மாத்திக் கெட்டியிருக்கும். அத விடுங்க."

என் மாதிரிகளை அறிக்கையிலிருந்து நீக்கினார்கள். இதே அறையில் இவரை இப்படி நிற்கவைக்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

அவர் அளந்ததாக எழுதியிருந்த புள்ளிகளைத் தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்புவேன். சரிவின் உச்சி என்று அவர் குறித்திருந்த இடத்தில் மலையே இல்லை. கல்குவாரிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். பக்கத்தில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"எக்கா, இஞ்ச மெசின் வச்சு ஆராவது அளந்தாவளா?"

"இதுக்குள்ள எங்க வச்சு அளக்க? மலைய ஒடச்சுத் தீத்து எத்தன வருசம் ஆச்சு. ஒருத்தரும் வரல்ல மக்கா."

பழைய வரைபடத்தில் உயரத்தைப் பார்த்து, அறையில் உட்கார்ந்து எழுதிய எண்கள் அவை. பள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த கூட்டம் வரை மாதக்கணக்கில் காத்திருந்தேன். தினமும் அவருக்கு வணக்கமும் வைத்தேன்.

அன்று அவர் வரைபடத்தை விளக்கி முடித்ததும் எழுந்தேன்.

"சார், அந்த உச்சியில கருவிய எதுக்கு மேல வச்சீங்க?"

"பாறைக்கு மேலதான். ஏன்?"

படத்தைத் திரையில் போட்டேன். எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அதிலேயே பதிவாகியிருந்தன; அவர் குறித்த அதே புள்ளி. அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறக்க வரவில்லை. யாரும் உதவவில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை.

அவரைக் களப்பணியிலிருந்து நீக்கினார்கள். போகும்போது, "மொதல்லயே எனக்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"சொல்லியிருக்கலாம் சார்" என்றேன்.

சரிவை மறுபடி அளந்தோம். பள்ளத்தைச் சுற்றி ஈர்ப்பு கூடியது. துளையிட்டுப் பார்த்ததில் நிக்கல் இருந்தது, ஆனால் தோண்டும் அளவுக்கு இல்லை. குழு கலைந்தது. வீணாய்ப் போயிற்றே என்று கூட வேலை செய்தவர்கள் வருந்தினார்கள். எனக்கு வருத்தமே வரவில்லை.