படித்துறையில் ஆகாயத்தாமரை

ஆற்றை மூடிய ஆகாயத்தாமரையை அள்ள நான் கேட்டபோது, கரையோரத் தோப்புக்காரர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். ஜேசிபி இறங்க அவர் தோப்பில்தான் பாதை இருந்தது. நான் எத்தனை தடவை போய் நின்றும், தென்னம்பிள்ளைகள் நசுங்கும் என்று சொல்லி அவர் கேட்டைத் திறக்கவில்லை.

ஒரு காலையில் அவர் மனைவி இறந்த செய்தி வந்தது. அஸ்தி கரைக்க இனி ஆற்றுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அப்படியே வந்தார். கலயத்தோடு படித்துறையில் நின்றவருக்குத் தண்ணீரே தெரியவில்லை. நான் இடுப்பளவு இறங்கி, செடிகளைக் கையால் விலக்கி வழி செய்தேன்.

மறுநாள் கேட் திறந்திருந்தது. ஜேசிபி உள்ளே போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு நல்ல மனசு, மக்கா. அவளுக்காண்டி ஆத்துல எறங்கினியே."

கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.