பார்க்காமல் எழுதிய தீவு

மாங்கேணியில் இருக்கும் மச்சான், என் மனைவியின் அண்ணன், கடல்நீர் புகுந்து தேங்கும் களப்பு நடுவே உள்ள தீவுக்கு என்னைக் கூட்டிப்போவதாகப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உப்புத்தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாமரக் காடு அது. அங்கே பிடிக்கும் நண்டிலும் இறாலிலும்தான் அவர் குடும்பம் சாப்பிட்டது. நான் அரசாங்க அலுவலகத்தில் மேசை வேலை பார்க்கும் கந்தோர்க்காரன், சப்பாத்து நனையும் இடங்களுக்குப் போவது குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழும்பியவர் உற்சாகமாகத்தான் கம்பு ஊன்றித் தோணியைத் தள்ளினார்.

“தொப்பியக் கழட்டாதீங்க மச்சான். கொக்குகள் அபிஷேகம் பண்ணிப்போடும்.”

முனையைத் திரும்பியதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. தீவில் பாதியைக் காணவில்லை. காடு இருந்த இடத்தில் சேறு, சேற்றுக்குள் மண் தோண்டும் ஒரு பெக்கோ இயந்திரம். மரங்கள் வேரோடு குவிந்து கிடந்தன. கொக்குகள் அந்தக் குவியலில் இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தன.

கரையில் நின்ற காவலாளி, “இறால் பண்ணை வருது ஐயா. எல்லாம் சட்டப்படிதான்” என்று அனுமதித் தாள்கள் கோத்த ஒரு கோவையை நீட்டினார். இறால் தானாக வளர்ந்த இடத்தை அழித்து இறால் பண்ணையாம்! கோபத்தோடு பிடுங்கித் திறந்தேன். முதல் தாளிலேயே என் கையெழுத்து.

முந்தின வருடம் ஒரு காணியைப் பார்த்து அறிக்கை எழுதக் கந்தோர் என்னைக் களப்பின் மறுகரைக்கு அனுப்பியது. தோணி வர மணிக்கணக்காகச் சுணங்கியது, பசி வேறு. கரையிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். தாளில் காணி இலக்கம் மட்டும்தான் இருந்தது. அது மச்சானின் தீவென்று எனக்கு உறைக்கவே இல்லை.

“என்ன எழுதியிரிக்கி? நான் கண்ணாடி கொண்டரல்ல, வாசிங்க” என்றார் மச்சான்.

“வெறும் பற்றைக்காடு. ஆட்கள் எவரும் பாவிப்பதில்லை.”

“அப்ப நான் ஆர்? நீங்க கந்தோரில இரிக்கிறீங்கதானே. இத எழுதினவன் ஆரெண்டு பாத்துச் சொல்லுங்க மச்சான். அவன் திருத்தி எழுதினா மத்தப் பாதியாவது மிஞ்சும்.”

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நான்தான் மச்சான்.”

அவர் ஏசவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. தோணியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் மிச்சக் காட்டை நோக்கித் தள்ளினார். வேர்களுக்கு நடுவே நிறுத்தினார்.

“இறங்குங்க. இண்டைக்காவது பாத்து எழுதுங்க.”

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.